கொள்ளைநோய்க் காலத்தில் கவசம் தைத்தோர்

வரலாறு என்றால் மன்னர் பெயரும் போர் நடந்த ஆண்டும் என்றே நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். தேர்வுத்தாள்கள் அவர்களை அவ்வாறு பழக்கிவிட்டன. சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருக எனச் சங்கத்தார் பணித்தபோது, தலைவர்களைப் பற்றி எழுதுவதற்குத் தக்கார் பலர் உளர் என்பதால் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். 2020ஆம் ஆண்டில் உலகை முடக்கிய கொரோனாக் கொள்ளைநோயின்போது ஊசியும் நூலும் கத்தரிக்கோலும் கொண்டு பிறர் உயிர் காக்கக் கவசம் செய்தவர்களின் வரலாறே அப்பொருள். அக்கவசம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்னும் வினாவும் அதனோடு சேர்ந்தது. இவ்வினாவை விட்டுவிட்டு எழுதினால் பாராட்டுரை கிடைக்கும், வரலாறு கிடைக்காது.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1896இல் பம்பாயில் புகுந்த பிளேக்கு நோய் அடுத்த ஆண்டு பூனா நகரத்தைப் பற்றியது. 1848இல் அந்நகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, தெருவில் நடந்து செல்கையில் சாணியும் சேறும் வீசப்பட்டும் கற்பித்தலை விடாத சாவித்திரிபாய் புலே அம்மையாருக்கு அப்போது வயது 66. அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். ஊருக்குப் புறத்தே நோயாளர்க்கென ஒரு மருத்துவ நிலையத்தை அவர் நடத்தினார். மகர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த சிறுவன் ஒருவனை அம்மையார் தாமே சுமந்து அங்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நோய் அவரையும் தொற்றியது. 1897 மார்ச் 10ஆம் நாள் உயிர் நீத்தார். நம் சங்கம் போன்ற கல்விச் சங்கங்கள் அவர் படத்தை மாட்டி வணங்குவது அவர் பள்ளி திறந்ததற்காக மட்டுமே என்று இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. கொள்ளைநோயின் முன்னணியில் நின்று வெறுங்கையோடு பணி செய்து மாண்ட தொண்டர் அவர்.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அதே 1897இல், அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில் மிக்குலிச் என்னும் அறுவை மருத்துவர், வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். பேசும்போது தெறிக்கும் எச்சில் துளிகளில் கிருமிகள் உள்ளன என்று அப்போது தெரிய வந்திருந்தது. அத்துணி இருந்திருந்தால் அம்மையார் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை; பிளேக்கு தெள்ளுப்பூச்சியாலும் பரவும் நோய். ஓர் ஊரில் மருத்துவர் தம் முகத்தை மூடக் கற்றுக்கொண்ட ஆண்டில், வேறோர் ஊரில் தொண்டர் எதுவுமின்றிச் சென்றார் என்பதையே குறிக்கிறோம்.

முகக்கவசத்தைக் கொள்ளைநோய்க்கு எதிரான கருவியாக ஆக்கிய பெருமை ஊ லியன் தே என்பவரைச் சாரும். நம் தமிழரும் பெருந்திரளாகக் குடியேறி வாழ்ந்துவரும் பினாங்குத் தீவில் 1879இல் பிறந்த சீனர் அவர்; கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றவர். 1910 இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக்கு பரவியபோது சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. இந்நோய் எலியையும் தெள்ளுப்பூச்சியையும் எதிர்பாராமல் மனிதரின் மூச்சு வழியே மனிதருக்குப் பரவுகிறது என்று அவர் கண்டார். மெல்லிய துணி மடிப்புகளுக்கு நடுவே பஞ்சை வைத்துத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் எளிய கவசம் ஒன்றை அமைத்து, மருத்துவர், சவம் தூக்குவோர், காவலர் அனைவரும் அணியச் செய்தார். மெஸ்னி என்னும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் இதை ஏற்கவில்லை. சீனன் ஒருவன் தமக்குச் சொல்லித்தருவதா என்ற செருக்கு அவரைத் தடுத்தது. முகத்தை மூடாமலே நோயாளர் நடுவே சென்றார். 1911 சனவரியில் சில நாள்களுக்குள் அந்நோய்க்கே இரையானார். அதன் பின்னரே ஹார்பினில் எல்லாரும் கவசத்தைத் தேடத் தொடங்கினர். அறுபதாயிரம் பேர் அளவில் மாண்ட அக்கொள்ளைநோய் அந்த வசந்தத்துக்குள் அடங்கியது. சொல்பவன் இன்ன பிறப்பினன் என்பதால் சொல்லைத் தள்ளுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றினை நாம் வரலாற்றில் கண்டதில்லை.

1918இல் வந்த இன்புளூயன்சா பற்றிச் சில சொல் போதும். அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கத்துப் பெண்கள் கூடி அமர்ந்து இலட்சக்கணக்கில் வலைத்துணிக் கவசங்களைத் தைத்தனர். சான் பிரான்சிஸ்கோ நகரம் அதை அணியாதவரைத் தண்டித்தது. துணியின் நெய்வு மிக இளக்கமாக இருந்ததால் அவற்றால் விளைந்த பயன் குறைவே. இந்தியாவில் அந்நோய் 1918 சூனில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. பம்பாய் நகரத்துச் சாவுக் கணக்கை நம் இளைஞர்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஐரோப்பியரில் ஆயிரம் பேருக்கு 8.3 பேர் இறந்தனர். சாதி இந்துக்களில் 18.9 பேர். தாழ்த்தப்பட்டோரில் 61.6 பேர். கிருமி சாதி பார்ப்பதில்லை என்பர், உண்மையே. ஆயினும் ஓரறை வீட்டில் ஒன்பது பேர் படுப்பதும், பஞ்ச காலத்தில் அரைவயிறு உண்பதும், நோயுற்ற மறுநாளே வேலைக்குச் செல்வதும் சாதியால் வந்தவை. கிருமி அவ்வழியே நுழைந்தது.

துணியும் நம் மக்களும்

கவசம் என்பது துணி. துணியைப் பற்றிக் கரிசல் நாட்டில் பேசுவோர் பருத்தியைப் பேசாதிருத்தல் இயலாது. கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும், இலட்சுமி ஆலையும் லாயல் ஆலையும் இவ்வூரில் வேரூன்றியதும் இம்மண்ணின் பருத்தியால். கருங்கண்ணிப் பருத்தியை மார்கழிக்குப் பின் குனிந்து குனிந்து எடுத்த கைகள் பெரும்பாலும் நம் பெண்களின் கைகள். அக்கைகள் எடுத்த பஞ்சு துணியாகி வந்தபோது அதை எவ்வளவு உடுத்தலாம் என்பதைப் பிறர் தீர்மானித்தனர். 1930 திசம்பரில் நமக்கு அண்டையிலுள்ள இராமநாதபுரம் பகுதியில், தாழ்த்தப்பட்ட ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது, பெண்கள் மேலாடை அணியலாகாது என்பன உள்ளிட்ட எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராயிருந்த ஹட்டன் தம் நூலில் அதைப் பதிவு செய்துள்ளார். தோளிலிருந்த துண்டு இடுப்புக்கு இறங்கிய வழக்கத்தை இன்றும் முதியோர் சொல்லக் கேட்கலாம். உயர்ந்தவராகத் தம்மைக் கருதியோர் முன், மூச்சுக் காற்றும் படலாகாது என்று, வாய்பொத்தி எட்டி நிற்கவேண்டியிருந்தது. 2020இல் ஊர் முழுதும், பெரிய வீட்டார் உட்பட, வாயை மூடிக்கொண்டு எட்டி நின்றதைக் கண்ட முதியவர்கள் தமக்குள் சிரித்துக்கொண்டிருப்பின் அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

'சமூக இடைவெளி' என்ற தொடர் அக்காலத்தில் ஒலிபெருக்கி தோறும் முழங்கியது. சமூகம் நம்மை இடைவெளியில் வைத்ததன் பெயரே தீண்டாமை. அச்சொல்லை நோய்த்தடுப்புக்குப் பயன்படுத்துதல் தகாது என்று நாடெங்கும் நம்மவர் எடுத்துரைத்தனர். உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே 'உடல் இடைவெளி' என்ற தொடரை மேற்கொண்டது. தமிழில் 'தனிமனித இடைவெளி' என்பது பின்னர் வழக்கில் வந்தது. சொல்தானே என்று விட்டுவிட முடியாது. 2020 ஏப்ரலில் சென்னையில் நோயாளருக்குப் பணி செய்து தாமும் நோயுற்று இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. நம் சேரிகளின் சவம் பொதுவழியில் செல்லத் தடுக்கப்பட்டதை அறிந்த நமக்கு அக்காட்சி புதியதன்று. படித்த மருத்துவருக்கும் அது நேரும் என்பதே புதிது.

ஊரடங்கில் ஓடிய தையல் இயந்திரங்கள்

2020 சனவரி 30ஆம் நாள் கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளர் கண்டறியப்பட்டார். தமிழ்நாட்டில் மார்ச் 7. மார்ச் 22 மாலை மக்கள் கைதட்டினர். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலைகள் மூடின. நாட்கூலியை நம்பிய இல்லங்களில் அடுப்பு ஒருவேளையாகச் சுருங்கியது. (அவ்வேளையிலேதான், ஏப்ரல் 30இல், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொண்டாடத் தெருவில் ஆளில்லை.)

உலகம் முழுவதும் கவசங்களுக்குப் பஞ்சம். மாதந்தோறும் 8 கோடியே 90 இலட்சம் மருத்துவ முகக்கவசங்கள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் முதல் வாரத்தில் கணக்கிட்டது. இந்தியாவின் நிலை இரங்கத்தக்கது. முழுவுடல் மூடும் பாதுகாப்பு உடை 2020 தொடக்கத்தில் கையிருப்பில் ஏறக்குறைய 2 இலட்சத்து 75 ஆயிரம். அத்தனையும் வெளிநாட்டுச் சரக்கு. உள்நாட்டில் தயாரிப்பே இல்லை. மே மாத நடுவில் ஒரு நாளைக்கு 4.5 இலட்சம் உடைகள் தயாராகும் அளவுக்கு இந்தியா வளர்ந்து, சீனாவுக்கு அடுத்த நிலையை எட்டியது.

இஃது எவ்வாறு இயன்றது? இவ்வுடையின் சூட்சுமம் துணியில் பாதி, தையலில் பாதி. நூலால் நெய்யாத பாலிபுரொப்பிலீன் விரிப்பின்மேல் மெல்லிய படலம் ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் கிருமிக்கு ஒரு வாசல். ஆதலின் தையலின்மேல் பட்டையை வைத்துச் சூடான காற்றால் ஒட்டி அடைக்கவேண்டும். அப்பட்டையும் அதை ஒட்டும் இயந்திரமும் தொடக்கத்தில் எளிதில் கிட்டவில்லை. ஆயத்தமான துணியைச் செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்திச் சோதிப்பர், ஊடுருவினால் தள்ளுபடி. இச்சோதனைக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாதிரிகள் முதலில் வந்து குவிந்த இடம் கோவையிலுள்ள சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம். திருப்பூரில் பனியன் தைத்தவர்கள் கவசம் தைக்கலாயினர். பதிவு அலுவலகத்தைக் கோவில்பட்டியில் கொண்ட லாயல் ஆலை நிறுவனமும் ரிலையன்சு நிறுவனத்தோடும் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றோடும் சேர்ந்து, துவைத்து மீண்டும் அணியத்தக்க பாதுகாப்பு உடைகளையும் முகக்கவசங்களையும் அவ்வாண்டே சந்தைக்குக் கொணர்ந்தது.

ஆலைகளின் கதை இது. ஆலைகள் அசையுமுன்னரே வீடுகள் அசைந்தன. மார்ச் இறுதியில் இந்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், வீட்டிலேயே முகக்கவசம் தைப்பதற்கான கையேட்டை வெளியிட்டது. பழைய பருத்தி வேட்டியும் பனியனும் போதும் என்றது அது. ஏப்ரல் நடுவிற்குள் 27 மாநிலங்களில் ஏறக்குறைய 20,000 மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1 கோடியே 90 இலட்சத்துக்கு மேற்பட்ட முகக்கவசங்களைத் தைத்திருந்தன என்று உலக வங்கி பதிவு செய்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீப் பெண்கள் தைத்தனர். சிறைகளில் கைதிகள் தைத்தனர். பம்பாயில் 'மேக்கர்ஸ் அசைலம்' என்னும் பட்டறையில் தொடங்கிய இளைஞர் முயற்சி 42 ஊர்களுக்குப் பரவி, 49 நாள்களில் 10 இலட்சம் முகத்தடுப்புகளை உருவாக்கிக் கொடுத்தது. முகத்தடுப்பு என்பது எளிய பொருள்: ஒளிபுகும் தாள் ஒன்று, நெற்றியில் படும் நுரைப்பட்டை ஒன்று, எலாஸ்டிக் நாடா ஒன்று. பள்ளிகளில் ஓ.எச்.பி. கருவிக்கென வாங்கிப் பயனின்றிக் கிடந்த தாள்கள் பல ஊர்களில் இவ்வாறு பணியாற்றின. எழுதாத தாளுக்கு இவ்வளவு பெரிய பயன் கிட்டியதைக் கண்டு ஆசிரியராகிய நாம் மகிழ்ந்தோம்.

நம் பகுதியில் நடந்ததைச் சொல்லவேண்டும். கடைகள் மூடியிருந்தமையால் எலாஸ்டிக் நாடா கிடைக்கவில்லை. துணியிலேயே நாடா வெட்டி நான்கு முனையிலும் தைத்தனர். புதுத் துணி முதல் துவைப்பில் சுருங்கும். ஆதலின் முன்கூட்டியே வெந்நீரில் நனைத்துக் காயவைத்து வெட்டினர். மூன்று மடிப்புக் கொசுவம் முகத்தில் ஒட்டாமல் மூச்சுக்கு இடம் தரும் என்பதைப் படிக்காத பாட்டியர் புடவைக் கொசுவம் கொண்டு உணர்ந்தனர். இப்பெண்களில் பலர் தைத்த இயந்திரங்கள் அரசு இலவசமாக வழங்கியவை. சமூக நலத்துறையின் அத்திட்டத்துக்குப் பெயர் 'சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்'. சத்தியவாணி முத்து (1923-1999) நம் ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றித் தமிழக அமைச்சராகவும் பின்னர் நடுவண் அமைச்சராகவும் விளங்கியவர். அவர் பெயரால் வந்த இயந்திரங்கள் அக்கோடையில் இரவெல்லாம் ஓடின. இயந்திரத்தின்மேல் ஒட்டிய தாளில் அப்பெயரை நாள்தோறும் கண்டும் அவர் யார் என அறியாத பெண்கள் நம்மிடையே உளர். இம்மலர் அவர்கள் கையிலும் சேர்க.

தொண்டும் வெட்டியும்

'தொண்டு' என்ற சொல்லைச் சற்று ஆராய்வோம். தமிழில் அச்சொல்லுக்குப் பணிவிடை என்பதோடு அடிமைத்தன்மை என்னும் பொருளும் உண்டு. 'வெட்டி' என்றால் கூலியில்லாத வேலை. ஊருக்குக் கூலியின்றி உழைத்தவனை வெட்டியான் என்றனர். சுடுகாட்டுப் பணியையும் அவன் தலையிலேயே கட்டினர். கூலியின்றி உழைத்தல் நம் மக்களுக்குப் புதிய அறமன்று. நெடுங்காலம் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது அது. ஆகவே, கவசம் தைத்த நம் பெண்கள் ஊதியம் கருதாது உழைத்தனர் என்று மேடையில் புகழ்வோரைக் காணும்போது நமக்கு ஓர் ஐயம் தோன்றுகிறது. சுய உதவிக் குழுக்களுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கிடைத்தது. அதுவே முறை. ஊரடங்கில் அக்கூலியால் அரிசி வாங்கிய இல்லங்கள் உண்டு. விரும்பித் தம் துணியையும் உழைப்பையும் தந்தவர்களும் உண்டு, அவர்கள் பெருமைக்குரியோர். ஆனால், பணி செய்பவனுக்குக் கவசம் தரவேண்டியது பணி கொடுப்பவனின் கடமை. தொண்டர் தைத்துத் தந்தார் என்பது அக்கடமையைத் தட்டிக்கழிக்கும் சாக்காக ஆகிவிடலாகாது.

இதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் தெருவில் இறங்கியவர்களுள் மருத்துவரும் செவிலியரும் காவலரும் இருந்தனர். அவர்களுக்கு முன்பே விடியற்காலையில் இறங்கியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். தென்மாவட்டங்களில் அவர்களுள் பெரும்பாலோர் அருந்ததியர். ஏனையோரும் நம் மக்களே. 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை நீக்கித் 'தூய்மைப் பணியாளர்' எனத் தமிழக அரசு பெயர் சூட்டியதும் அதே 2020இல். நோயுற்றோர் வீட்டுக் குப்பையை மஞ்சள் பையில் தனியே எடுக்கவேண்டும் என்றும், அதை எடுப்போருக்கு மூன்றடுக்கு முகக்கவசம், நீர் புகா மேலங்கி, தடித்த கையுறை, முழங்கால் காலணி, கண்ணாடி ஆகியன தரவேண்டும் என்றும் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெறிமுறை வகுத்தது. மே 3இல் விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின்மேல் பூத் தூவின. மருத்துவமனை வாசலில் விழுந்த அப்பூக்களைப் பெருக்கி அள்ளியவர் யார் என்று யாரும் செய்தி எழுதியதாக நமக்கு நினைவில்லை.

நம் வட்டாரத்து உள்ளாட்சி ஒன்றில் பணிபுரிந்த பெண்கள் அக்காலத்தில் கைக்குட்டையையும் புடவைத் தலைப்பையும் கட்டிக்கொண்டு குப்பை வண்டி தள்ளியதை நாம் கண்ணுற்றோம். கையுறை வந்தது, இரண்டு நாளில் கிழிந்தது. அடுத்தது வர இரண்டு வாரம் ஆயிற்று. அவர்களுக்கு முதலில் கிடைத்த நல்ல முகக்கவசங்கள் தெருவில் வாழ்ந்த பெண்கள் தைத்துத் தந்தவையே. பின்னர் 2020இன் நடுவில் அரசே நியாயவிலைக் கடைகள் வழியாகக் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு முகக்கவசம் வீதம் வழங்க முற்பட்டது. ஏறக்குறைய 13 கோடியே 48 இலட்சம் கவசங்கள் என்பது அதன் கணக்கு. அஃது அரசின் செயல்களுள் மெச்சத்தக்கது.

கவசம் இல்லாமல் மாளுதல் கொள்ளைநோயோடு வந்ததன்று. அதனோடு போகவும் இல்லை. கழிவுநீர்க் குழியில் இறங்கி நச்சுக்காற்றால் மாண்ட நம் மக்கள் எத்தனை பேர்! மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அதன் விதிகளில் மூச்சுக் கருவி முதல் கையுறை வரை, பணி கொடுப்போர் தரவேண்டிய பாதுகாப்புப் பொருள்களின் நீண்ட பட்டியல் ஒன்று உள்ளது. 2014 மார்ச் 27இல் உச்சநீதிமன்றம், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், குழியில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20இல் பல்ராம் சிங் வழக்கில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. அதே 2023இல் நடுவண் அரசின் 'நமஸ்தே' திட்டம் கழிவுநீர்ப் பணியாளரைக் கணக்கெடுத்துப் பாதுகாப்பு உடைத் தொகுப்பு வழங்கத் தொடங்கியது. சட்டமும் தீர்ப்பும் திட்டமும் இருக்கின்றன. அப்பட்டியலை நம் இளைஞர்கள் படித்து, தம் ஊர் உள்ளாட்சியில் அவற்றுள் எவை உள்ளன என்று எழுதிக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்.

'கொடுத்தாலும் அவர்கள் போட்டுக்கொள்வதில்லை' என்று மேற்பார்வையாளர் சிலர் கூறுவதுண்டு. சித்திரை வெயிலில் கரிசல் காட்டுச் சாலையில் காற்றுப் புகாத அங்கியோடு இரண்டு மணிநேரம் நின்று பார்த்தால் காரணம் தெரியும். வேறொரு காரணமும் உண்டு. வழங்கப்படும் கையுறையும் காலணியும் பெரும்பாலும் ஆடவர் அளவில் அமைந்தவை. பணி செய்வோரில் பெண்கள் மிகுதி. விரல் நுனியில் ஓர் அங்குலம் தொங்கும் கையுறையால் துடைப்பத்தை இறுகப் பிடிக்க இயலாது; கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் அள்ளுகின்றனர். 2020இல் பெரியவர், சிறுவர், குழந்தை என மூன்று அளவில் முகக்கவசம் வெட்டப் பழகிய பெண்கள் நம் சங்கத் தையல் வகுப்பில் உள்ளனர். தூய்மைப் பணி செய்யும் பெண்களின் கையையும் தோளையும் அளந்து, உட்புறம் பருத்தித் துணி வைத்த கையுறை உறையும் காற்றோட்டமுள்ள மேலங்கியும் வெட்டிப் பார்க்கும் வேலையை அவர்கள் இவ்வாண்டு மேற்கொண்டுள்ளனர். இதுவரை பதினொரு பேருக்கு அளவு எடுத்தாயிற்று.